ஒன்பது பொட்டு

நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்கு எட்டடி இடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு அந்த நினைப்பு இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. செத்துப்போன மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆள் வாசலில் வந்து நிற்கும்போதே, திறந்துகூடப் பார்க்காமல், "இதுங்களா, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பதினான்கு வருஷமாக அதைச் சொல்லித்தான் சோறு தின்கிறேன். என் பெயர் பயாஸ். கூப்பிடுகிறவர்களுக்கு எல்லாம் நான் பாய்.

போன வருஷம் கத்திரி வெயிலில் கந்தவேல் போன் செய்தார். எருமப்பட்டியைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் அவருக்குக் கோழிப்பண்ணை.

"பாய், ஷெட்டுல இருக்கற கம்ப்யூட்டரு பழைய எக்ஸ்பிங்க. போன்ல பாக்கற சாப்ட்வேர் அதுல ஏறவே மாட்டேங்குது. புது விண்டோஸ் போட்டு உடுங்க, நெட் லைனுக்கும் சொல்லி வெச்சிருக்கேன். ஊட்ல உக்காந்துட்டே நாமளே பாத்துக்கலாம். எத்தன நாளைக்குத்தான் ஆளை நம்பிட்டு இருக்கறது?"

"ஒண்ணுமில்லீங்க, ரெண்டு மணி நேர வேலை" என்றேன்.

அந்த ஷெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். முட்டைக்கோழி இருபதாயிரம், எல்லாம் ஒரே ஷெட்டில். ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர். மறு கோடியில் ஆள் உயரத்துக்குப் பத்து மின்விசிறிகள். விசிறிகள் உறிஞ்சும்போது ஈர அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெளியே நாற்பத்தொன்று அடித்தாலும் உள்ளே இருபத்தெட்டுதான். விசிறி எத்தனை ஓட வேண்டும், தண்ணீர் எப்போது வழிய வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்துச் சின்ன அறையில் இருந்த கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. ஷெட்டும் சீனாவிலிருந்து வந்தது, புரோகிராமும் சீனாவிலிருந்து வந்தது, புரோகிராமின் எழுத்தும் சீனம்தான். முன்பு அதற்குத் தனியாக ஒரு கண்ட்ரோல் பெட்டியும் கையால் போடுகிற சுவிட்சுகளும் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் இடி விழுந்து அவை கருகிப் போயின. அதிலிருந்து கம்ப்யூட்டரே நேராக விசிறிகளை ஓட்டியது. கை சுவிட்சை மாற்ற வேண்டும் என்று கந்தவேல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷெட்டைப் பார்த்துக்கொள்கிற சௌந்திரம் கதவைத் திறந்து விட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, நெற்றியில் காலணா அகலத்துக்கு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. அவருடைய வீட்டுக்காரர் ராசு அதே பண்ணையில் முட்டை பொறுக்குகிறார்.

"கம்ப்யூட்டரை நிறுத்துனா விசிறி நின்னுக்குமுங்களா பாய்?" என்று கேட்டார்.

"நிக்காதுக்கா. இப்ப ஓடற மாதிரியே ஓடிட்டு இருக்கும்."

"மத்தியானத்துல வேண்டாமுங்க. இந்த வெயிலுக்கு அதுக கொஞ்ச நேரம்கூடத் தாங்காதுங்க. பொழுதெறங்குனதும் பண்ணிக்கலாமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பொழுது இறங்கும்வரை இந்தக் கோழி நாற்றத்தில் உட்கார்ந்திருக்க எனக்கென்ன தலையெழுத்தா? "ஒண்ணுமில்லக்கா, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஷெட்டுக்குள் போனார்.

விரலால் தொட்டு ஓட்டுகிற திரையைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒன்பது ஸ்டிக்கர் பொட்டுகள். கறுப்பு, பச்சை, கல் வைத்தது, நீளமானது, கடைசியில் பெரிதாக ஒரு சிவப்பு. எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? லாட்ஜ் பாத்ரூம் கண்ணாடியிலிருந்து சிநேகிதன் வீட்டு பீரோ வரைக்கும், முகம் தெரிகிற இடத்திலெல்லாம் பெண்கள் பொட்டைக் கழற்றி ஒட்டி வைத்திருப்பார்கள். இந்த அம்மாள் அணைந்த திரையில் முகம் பார்த்துத் தலை வாரியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கோழிக்குக் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் அலங்காரம்.

போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். அந்தப் பண்ணையில் வாசல் வேப்பமரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று, படத்தின் கீழ் "எருமப்பட்டி பியூட்டி பார்லர்" என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று சேர்த்தேன். திரும்பி வந்து ஒன்பதையும் நகத்தால் சுரண்டிக் குப்பைக் கூடையில் தட்டினேன். பசை போக ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். வாடிக்கையாளருக்குத் திரை பளிச்சென்று இருக்க வேண்டும் பாருங்கள்.

பிறகு வேலை. புரோகிராமின் இன்ஸ்டாலர் டி டிரைவில் பத்திரமாக இருந்தது. அது போதும் என்று சி டிரைவை முழுசாக அழித்தேன். ஆறு வருஷமாக இந்த ஷெட்டுக்கென்று வைத்திருந்த அளவுகள் எல்லாம் சி டிரைவில்தான் இருந்தன என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. புது விண்டோஸ் ஏறியது. சீன மொழியைச் சேர்க்கிற இடம் வந்தபோது ஒரு நொடி யோசித்தேன். எருமப்பட்டியில் சீனம் படிக்கிறவன் எவன் இருக்கிறான்? படிக்கத் தெரியாத மொழிக்கு எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குப் புரோகிராமைத் திறந்தேன். எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியும் கட்டமும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துமாக இருந்தது. ஒண்ணுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஒரு பட்டனை அழுத்தினேன்.

ஷெட்டில் ஒரு விசிறி நின்றது. பிறகு இன்னொன்று. காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் படிப்படியாக இறங்கி, பத்தும் நின்று, கோழிகளின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. இருபதாயிரம் கோழி ஒன்றாகக் கத்துவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சௌந்திரம் ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

"பொட்டு எங்கீங்க?"

"என்னக்கா?"

"பொட்டுங்க! ஒம்பது பொட்டு ஒட்டி வெச்சிருந்தனே, எங்கீங்க?"

"அழுக்குன்னு சுரண்டிட்டேன்" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ சாமி, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க! சீனாக்காரரு வந்தப்போ கூடப் பேச்சை மாத்திச் சொல்ற துபாசி ஒருத்தரு வந்தாருங்க. ஒவ்வொரு வரியையும் காட்டி, இது கோழி வயசு, இது சூடு, இது விசிறி, இது தண்ணின்னு அரை நாள்ல சொல்லீட்டுப் போயிட்டாரு. அந்த எழுத்து எனக்கு என்ன தெரியும்? வரிக்கு ஒரு பொட்டு ஒட்டிக்கிட்டனுங்க. ஆறு வருசமா அதைப் பாத்துத்தான் ஓட்டறன்."

என் காது சூடாகிவிட்டது. ஷெட்டின் சூட்டைக் காட்ட அறைச் சுவரில் தனியாக மாட்டியிருந்த மீட்டர் முப்பத்தொன்று காட்டியது.

நடந்தது இதுதான். புதிதாக ஏற்றிய புரோகிராம் எல்லா அளவையும் முதலிலிருந்து தொடங்கியிருந்தது. ஷெட்டுக்குள் இருப்பது அன்றைக்குப் பொரித்த குஞ்சுகள் என்று அதற்கு நினைப்பு. குஞ்சுக்குக் கதகதப்பு வேண்டும். அதனால் விசிறிகளை நிறுத்தி வைத்திருந்தது.

"ராசு! கதவையெல்லாம் தொறந்து உடு! ஓஸ் போட்டு அடி!" என்று சௌந்திரம் வெளியே பார்த்துக் கத்தினார். நான் வேப்பமரத்துக்கு ஓடினேன். எலக்ட்ரீஷியன் சேந்தமங்கலத்தில் இருந்தார், சாயங்காலம்தான் வர முடியும் என்றார். கந்தவேல் சேலத்தில் இருந்தார். விசிறி நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். "பாய், கோழி போச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். "வாரேன்" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஷெட்டைப் பார்த்தேன். கூண்டுகளில் கோழிகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கின. இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி வைத்துக்கொண்டிருந்தன. கத்தல் குறைந்திருந்தது. அது நல்லதற்கில்லை என்று எனக்கே தெரிந்தது. ராசு ஒருவராக ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நூறு மீட்டர் ஷெட்டை நனைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் முப்பத்துநாலு.

உட்கார்ந்தேன். முதலில் எழுத்து வர வேண்டும். சிஸ்டத்தின் மொழியைச் சீனத்துக்கு மாற்றினேன். காலையில் இரண்டு நிமிஷத்தில் செய்திருக்க வேண்டிய வேலை. மாற்றியதும் அணைத்துப் போடச் சொன்னது. போட்டேன். வட்டமாகப் புள்ளிகள் சுற்றின. என்னவோ தயார் செய்கிறேன் என்றது. அணைக்காதே, காத்திரு என்றது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். சௌந்திரம் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "வருதுங்களா, வருதுங்களா" என்று கேட்டபடியே நின்றார். வெளியே பொத்தென்று எதுவும் விழவில்லை. கூண்டுக்குள்ளேயே தலையைச் சாய்த்து விடுகின்றன, அவ்வளவுதான்.

திரை வந்தது. புரோகிராமைத் திறந்தேன். அழகாக, கொத்துக் கொத்தாக, ஒன்பது வரி சீன எழுத்து.

"வந்துடுச்சு. எது விசிறிக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டு போனார், பாதியில் நிறுத்தினார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"தெரியலீங்க. எழுத்தை நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க. கண்ணு பொட்டைத்தான் பாக்கும், கை தன்னால போகும். இது... இதுதான்னு நெனைக்கறன்."

ஒரு வரியை அழுத்தினார். கூண்டுகளுக்குக் குடிநீர் போகிற குழாயில் சளசளவென்ற சத்தம் நின்றது. குடிக்கிற தண்ணீரும் போயிற்று. கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். பிறகு எவ்வளவு சொல்லியும் திரையைத் தொட மறுத்துவிட்டார். "நான் கொன்னு போடுவனுங்க, என்னால ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே தேம்பினார். முப்பத்தேழு.

எழுத்தைப் படம் பிடித்தால் போனே மொழிபெயர்க்கும் என்பது ஞாபகம் வந்தது. படம் பிடித்துக்கொண்டு மறுபடி வேப்பமரத்துக்கு ஓடினேன். செருப்பு எங்கோ கழன்றுவிட்டது, கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு நின்றேன். சீனத்தை இறக்கிக்கொள்ளவா என்று கேட்டது. இறக்கு என்றேன். நான்கு சதவீதம். நான்கு சதவீதம். ஐந்து. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன், மரத்தைச் சுற்றி வந்தேன். ஐந்து.

அப்போது போன் டிங்கென்றது. என் ஸ்டேட்டஸுக்கு யாரோ பதில் போட்டிருந்தார்கள். காலையில் போட்ட பதில், இப்போதுதான் வந்து சேர்கிறது. கந்தவேல். சிரிக்கும் பொம்மை ஒன்று. "பொம்பளைகளே இப்படித்தான் பாய்" என்று அதன் கீழ்.

படம்! ஒன்பது பொட்டும் இருந்த இடத்தில் இருக்கிற படம் என் கையிலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் ஓடினேன்? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்றால் செருப்பும் இல்லை.

உள்ளே ஓடினேன். அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் தெரிந்தது, ஸ்டேட்டஸோடு நீட்டியிருக்கிறேன். சௌந்திரத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியும். எருமப்பட்டி பியூட்டி பார்லர். சிரிப்புப் பொம்மை மூன்று. அவர் அதைப் படித்ததை நான் பார்த்தேன். அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது.

"பெருசு பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திரையின் அளவைப் பழைய எக்ஸ்பியில் இருந்தபடி மாற்றினேன். வரிகள் படத்தில் இருந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்தன. அவர் டிபன் பையிலிருந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்தார். அதில் எட்டுதான் மிச்சம் இருந்தன. நிறம் வேறு, பரவாயில்லை. நான் படத்தைப் பார்த்து இடம் சொல்லச் சொல்ல, அவர் மேலிருந்து ஒவ்வொன்றாக ஒட்டினார்.

"இங்க வயசு. இது சூடு. நீளப் பொட்டு விசிறி. பச்சை, அட்டைச் சுவருக்குத் தண்ணி. கல்லு வெச்சது குடிதண்ணி..." சொல்லச் சொல்ல அவர் குரல் நேராகிக்கொண்டு வந்தது. எட்டு முடிந்தது. ஒன்பதாவது, கடைசி வரி.

"இதுதான் தொடவே கூடாதது. தொட்டா எல்லாம் அழிஞ்சு மொதல்லருந்து வருமுன்னு அந்தத் துபாசி சொன்னாரு. இதுக்கு அடையாளம் இல்லாம மத்ததைத் தொட மாட்டேன்."

நெற்றியிலிருந்த மெரூன் பொட்டைப் பிய்த்து அந்த வரிக்கு நேரே அழுத்தினார். பிறகு அவர் விரல் போன வேகத்தை என்னால் பின்தொடர முடியவில்லை. வயசு ஐம்பது வாரம். சூடு இருபத்தேழு. விசிறி. அட்டைத் தண்ணீர். குடிதண்ணீர். முதல் விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. இரண்டாவது. மூன்றாவது. பத்தாவது விசிறி ஓடும்போது சுவர் மீட்டர் முப்பத்தொன்பதில் நின்றது. பிறகு ஒவ்வொரு புள்ளியாக இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் பட நேரமில்லை.

கந்தவேல் வந்து சேரும்போது மணி மூன்று. செத்ததையெல்லாம் ராசு சாக்கில் கட்டி வாசலில் அடுக்கியிருந்தார். மூவாயிரத்துச் சொச்சம். கந்தவேல் சாக்குகளைப் பார்த்தார். விறுவிறுவென்று அறைக்குள் வந்தார். திரையில் பொட்டுகளைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது.

"காலைல போட்டோவுலயே பாத்தேன். கம்ப்யூட்டரை முகம் பாக்கற கண்ணாடியாட்டம் வெச்சிருந்தா அது என்னத்துக்கு ஆகும்? மூவாயிரம் உசுரு! நாளையிலிருந்து நீ வரவேண்டாம் சௌந்திரம்."

சௌந்திரம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் கடை என்ன ஆகும், நாமக்கல்லில் இனி எந்தப் பண்ணைக்காரன் என்னைக் கூப்பிடுவான் என்றெல்லாம் அந்த ஒரு நொடியில் ஓடியது. மனிதன் எவ்வளவு மட்டமானவன் என்று தெரிய ஒரு நொடி போதும்.

சௌந்திரம் திரைக்கு முன்னால் போனார். "இது எம்பட பொட்டுங்க" என்று ஒவ்வொன்றாக உரித்து அட்டையில் திருப்பி ஒட்டினார். டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். "அது கண்ணாடியில்லீங்க. எந்த வரி எதுக்குன்னு அவங்க வெச்ச அடையாளம். நாந்தான் சுரண்டினேன். அளவெல்லாம் அழிச்சதும் நாந்தான். அவங்க இல்லாட்டி ஒரு கோழி மிஞ்சியிருக்காது."

கந்தவேல் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அது எப்படியோ போகட்டும் பாய். எப்படியும் அந்தம்மாளை நிறுத்தறதுதான். அதுக்குத்தானே உங்களைப் புதுசு போடச் சொன்னது. அந்தப் போட்டோவுல எது எதுக்குன்னு எழுதி எனக்குத் தாட்டி உடுங்க, நான் போன்லயே பாத்துக்கறேன்."

ஆக, நான் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் இன்றோடு அவர் வேலை போயிருக்கும். கோழி மட்டும் பிழைத்திருக்கும். என் உடம்பெல்லாம் எரிந்தது. போனை எடுத்தேன். ஸ்டேட்டஸை அழித்தேன், படத்தையும் அழித்தேன், அழித்தவை போய்ச் சேருகிற இடத்திலிருந்தும் அழித்தேன்.

"போட்டோ இல்லீங்க."

"வெளையாடாதீங்க பாய்."

"அழிச்சுட்டேனுங்க. அவங்களைக் கூப்பிடுங்க. வேற வழியில்லை."

அவர் எழுந்து என் சட்டையைப் பிடிக்க வந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. பீப், பீப் என்று. திரை நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு வரி சீனம், அடியில் இரண்டு பட்டன். இருபதாயிரத்தில் மிஞ்சிய கோழிகள் சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு ஆம்பளைகளும் பட்டனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கந்தவேலின் கை தானாகப் பின்னால் போனது. கூப்பிடட்டும், கேட் வரைக்கும் ஓடிப் போய்க் கூப்பிடட்டும் என்று எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம்.

யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கேட்டைத் தாண்டியிருந்தவர் சத்தம் கேட்டதும் பையை மண்ணில் போட்டுவிட்டு ஓடி வந்தார். எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு போய் இடது பட்டனை அழுத்தினார். "தொட்டியில தண்ணி கொறைஞ்சு போச்சு. ஓஸ்ல அடிச்சு எல்லாம் தீந்துருக்கும். ராசு, மோட்டாரைப் போடு!" என்று கத்தினார். பீப் நின்றது.

கந்தவேல் நீளமாக மூச்சு விட்டார். என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா பாய், இந்தம்மா எங்கயும் போகாது" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, நடுவில் எதுவுமே நடக்காதவர்போல, "நாளைக்கு நேரத்துல வந்துரு சௌந்திரம்" என்றார். சாக்குகளை ஏற்ற வண்டிக்குச் சொல்ல வேப்பமரத்தடிக்குப் போனார்.

சௌந்திரம் மண்ணில் போட்ட பையை எடுத்து வந்து, திரையில் இருந்த பசைத் தடத்தைப் பார்த்துப் பொட்டுகளை மறுபடி ஒட்டினார். மெரூன் பொட்டில் பசை போய்விட்டது, விழுந்துகொண்டே இருந்தது. என் பையிலிருந்து இன்சுலேஷன் டேப்பைக் கிழித்துக் கொடுத்தேன். வாங்கி, டேப்போடு சேர்த்து அந்த வரிக்கு நேரே அழுத்தினார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்கக்கா" என்றேன்.

"எங்கிட்ட என்னத்துக்குங்க? வாசல்ல சாக்குல கெடக்குதுகளே, அதுககிட்டக் கேளுங்க." டேப்பை இன்னொரு தடவை அழுத்திவிட்டு, "போட்டோவை அழிச்சுட்டீங்களா?" என்றார்.

"அழிச்சுட்டேன். இனி அவரு உங்களை நிறுத்த முடியாது."

"எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா?"

நான் டேப்பைப் பைக்குள் திருப்பி வைத்தேன்.

"நான் வர முடியாத அன்னைக்கு இதுகளுக்கு யாருங்க இருக்கறா? மறுக்கா ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்க. கீழ எழுதறதை இந்தத் தடவை நான் சொல்றேன்."

எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்தப் பொட்டு எதற்கு, காலையில் எவ்வளவு வைக்க வேண்டும், உச்சி வெயிலுக்கு எவ்வளவு, மழை வந்தால் எதைக் குறைக்க வேண்டும், எந்தப் பெட்டி கத்தினால் எந்தப் பட்டன் என்று ஆறு வருஷத்தில் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னார். ஒன்பதாவதுக்கு, "இதைத் தொடக் கூடாது" என்று எழுதச் சொன்னார். முடிந்ததும் சட்டைக் காலரால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ராசுவோடு சாக்குத் தூக்கப் போய்விட்டார்.

இரண்டாவதாக எடுத்த அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கந்தவேல் மாதம் இரண்டு தடவை கேட்கிறார், எந்தப் பொட்டுக்கு எப்போது எவ்வளவு என்று எங்கேயாவது எழுதி வைத்திருப்பீர்கள், தேடுங்கள் பாய் என்று. போன் மொழிபெயர்ப்பு எழுத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. அனுப்பினால் மறுநாளே சௌந்திரத்துக்கு வேலை இருக்காது. அனுப்பாமல் இருந்து, அவர் வர முடியாத நாளில் பண்ணையிலிருந்து வரும் ஒரு போனை நான் தவறவிட்டால், ஷெட்டில் ஒன்றும் மிஞ்சாது. கை சுவிட்சைக் கந்தவேல் இன்னும் மாற்றவில்லை. கத்திரி பிறக்க நான்கு நாள் இருக்கிறது. குளிக்கப் போகும்போதுகூடப் போனை உள்ளே எடுத்துக்கொண்டு போகிறேன். என்ன ஆயிற்று உங்களுக்கு என்று என் மனைவி அஃபீபா கேட்கிறாள். ஒண்ணுமில்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.